எடை மேடையில் ரத்தினபாய்

இதை எனக்கு முதலில் சொன்னவள் என் மூத்த மருமகள் ஹெப்சிபா. போன வருஷம் ஈஸ்டருக்கு முந்தின லெந்து காலத்தில் ஒரு வியாழக்கிழமை, ஜெபக்கூட்டம் முடிந்து வந்து இரண்டு பேரும் அடுக்களையில் உட்கார்ந்து பூண்டு உரித்துக்கொண்டிருக்கும்போது சொன்னாள். அவள் கூட்டிச் சொல்லுகிற பிள்ளை இல்லை. நானும் கூட்டாமல் சொல்லுகிறேன்.

ஹெப்சிபா மும்பையில் மத்திய வங்கியில் அதிகாரி. நாட்டில் இருக்கிற வங்கிகளையெல்லாம் மேலேயிருந்து பார்த்துக்கொள்கிற வங்கி அது. அங்கேயிருந்து இரண்டு வருஷம் லீவு கொடுத்து அவளை மேல்படிப்புக்கு அனுப்பினார்கள். என்ன படிப்பு மக்ளே என்று கேட்டேன். "ஒரு வங்கி விழுந்தா அது தனியா விழுமா, இல்ல பக்கத்துல நிக்கதையெல்லாம் இழுத்துட்டு விழுமா, விழுறதுக்கு முன்னாலயே அத எப்படிக் கண்டுபிடிக்கது, அதுதான் படிப்பு அத்தை" என்றாள். எனக்கு நன்றாகவே புரிந்தது. கோவங்குளத்து மாதா திருவிழாக் கூட்டத்தில் நாலு பிள்ளைகளைக் கைகோத்துப் பிடித்துக்கொண்டு நடந்தவளுக்கு அது புரியாமல் போகுமா.

அவளுடைய பேராசிரியர், பெரிய வங்கிகளின் புஸ்தகத்தைப் பார்த்தால் எண்தான் தெரியும், ஆள் தெரியாது, ஒரு சின்ன ஊரை எடுத்துக்கொள், அங்கே யார் யாரைத் தாங்குகிறார்கள் என்று பார்த்து எழுதிக்கொண்டு வா என்று சொல்லிவிட்டார். அப்படித்தான் அவள் ஒரு பெட்டியும் ஒரு கம்ப்யூட்டருமாகக் கள்ளியடிவிளைக்குப் போய் இறங்கினாள்.

கள்ளியடிவிளை கணவாய்க் காற்று அடிக்கிற ஊர். சுற்றிலும் காற்றாலை, நடுவில் ஒரு சபை, ஒரு தபாலாபீஸ், ஒரு மாட்டாஸ்பத்திரி, முந்திரிக்கொட்டை உடைக்கிற அண்டி ஆபீஸ் ஒன்று, எல்லாருக்கும் கடன் கொடுக்கிற ஒரு சங்கம். சங்கத்தில் கடன் வாங்க ஒருவர் ஜாமீன் கையெழுத்துப் போடவேண்டும். அந்த ஊரில் ஒருவர் ஜாமீன் நின்றால், கடன் வாங்கியவருடைய எடை கையெழுத்துப் போட்டவர்மேல் போய்விடும். எப்போதிலிருந்து அப்படி என்று ஹெப்சிபா கேட்டிருக்கிறாள். ஒரு பெருமழை விட்ட மறுநாளிலிருந்து என்று சிலரும், சங்கத்துக்குப் புதுப் பதிவேடு வாங்கின வருஷத்திலிருந்து என்று சிலரும் சொன்னார்கள், அதற்குமேல் யாரும் அதைப்பற்றி யோசிக்கவில்லை, அவர்களுக்கு வேலை இருந்தது.

கடன் வாங்கியவர்களுக்கு உடம்பில் நாலைந்து கிலோதான் மிச்சம் இருக்கும். அதற்கு ஏற்றபடி ஊர் பழகிவிட்டது. பெண்கள் மடியில் அரைச் செங்கல் வைத்துக்கொண்டு கடைக்குப் போனார்கள், ஆண்கள் வேட்டி மடிப்பில் படிக்கல் கட்டினார்கள், ஓடு மாற்றுகிறவன் ஏணி இல்லாமல் ஒரு எம்பு எம்பிக் கூரையில் ஏறினான், கிணற்றில் தண்ணீர் இறைக்கப் போனால் குடம் ஆளை உள்ளே இழுக்கும் என்பதால் கடன் இல்லாத ஒருவர் பின்னாலிருந்து இடுப்பைப் பிடித்துக்கொண்டார். ஆனி ஆடிக் காற்றில் தெருமுழுக்கக் கயிறு கட்டி, அதைப் பிடித்துக்கொண்டு எல்லாரும் சபைக்குப் போனார்கள். பாடகர் குழுவில் மேல்ஸ்தாயி பாடுகிறவர்கள் இரண்டு அங்குலம் எழும்பிப் பாடினார்கள், அதை ஆவிக்குரிய காரியமாக எடுத்துக்கொள்ளவேண்டாம் என்று போதகர் அறிவிப்பில் சொல்லிவைத்தார். மூட்டுவலி என்ற பேச்சே அந்த ஊரில் இல்லை. கடைசித் தவணை கட்டின நாளில் மட்டும் ஒருவர் தம் எடையோடு வீட்டுக்கு நடந்துவருவார், தெருவில் அந்தத் தொம் தொம் சத்தம் கேட்டதும் அவர் வீட்டுக்காரி அடுப்பில் பாயசத்துக்கு வைப்பாள்.

ஆனால் ஒரு வழக்கம் மாத்திரம் கண்டிப்பாக இருந்தது. யாரிடம் கையெழுத்து வாங்கினோம் என்று வெளியே மூச்சுவிடக்கூடாது. சொன்னால் மற்றவர்களும் அவரிடம் போய் நிற்பார்கள், நல்ல மனுஷருக்கு நாம் தொந்தரவு வைத்ததாகிவிடும் என்பது அவர்கள் மரியாதை. சங்கத்துக் கிளார்க்கும் பேரை எழுதின உடனே பக்கத்தை மடித்துவிடுவார்.

ஹெப்சிபா தபாலாபீஸ் மாடியில் ஓர் அறை எடுத்துத் தங்கினாள். கீழே இருந்தவர் தபாலாபீஸ் அம்மா ரத்தினபாய். ஐம்பத்திரண்டு வயது, புருஷன் இல்லை, ஒரே மகள் பெனினாவை ஓசூரில் கட்டிக்கொடுத்திருந்தார். ஊரில் மாதச் சம்பளம் வாங்குகிற ஒருசிலரில் அவர் ஒருவர், அதிலும் கேட்டவர்களுக்கு இல்லை என்று சொல்லத் தெரியாதவர். ஆள் அகத்திக் கம்பு மாதிரி இருப்பார். அவர் நடந்தால் மட்டும் தார் ரோட்டில் செருப்புத் தடம் விழும். மரநாற்காலிகள் எல்லாம் உடைந்துபோனபிறகு யாரோ கொண்டுவந்து போட்ட ஆட்டுரலைக் கவிழ்த்து அதன்மேல் உட்கார்ந்துதான் ஸ்டாம்பு விற்றார். வீட்டில் கருங்கல் பலகையில் படுத்தார்.

ஊருக்கு அது தெரியாமல் இல்லை. "பாவம், தபாலாபீஸ் அக்காவுக்குத் தைராய்டு" என்று எல்லாரும் சொன்னார்கள். அவரிடம் கையெழுத்து வாங்கின ஒவ்வொருவரும், தம்முடைய எடை ஒன்றுதான் அவர்மேல் இருக்கிறது, மிச்சமெல்லாம் தைராய்டு என்று மனசார நம்பினார்கள். அவருக்காகச் சபையில் ஜெபம்கூடப் பண்ணினார்கள்.

வைகாசி கடைசியில் பெனினாவிடமிருந்து போன் வந்தது. இரண்டாவது பிரசவத்துக்கு இன்னும் ஒரு மாதம், டாக்டர் கட்டிலைவிட்டு இறங்கக்கூடாது என்று சொல்லிவிட்டார், மூத்த பிள்ளைக்கு மூணு வயசு, மாமியார் இல்லாத வீடு, வீட்டுக்காரருக்கு ஷிப்ட் வேலை. "அம்மா, நீ வந்து என் பக்கத்துல இருந்தா போதும்" என்றாள் பெனினா.

ரத்தினபாய் லீவு எழுதிக் கொடுத்துவிட்டு, ஒரு பையைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறப் போனார். படியில் ஒரு கால் வைத்ததும் பஸ் பின்பக்கம் ரோட்டில் உட்கார்ந்து, முன்சக்கரம் ஒரு முழம் எழும்பியது. கண்டக்டர் இறங்கிவந்து மரியாதையாகத்தான் சொன்னார்: "அக்கா, தப்பா நெனைக்கப்பிடாது. இந்த வண்டி அடுத்த டிரிப்பும் ஓடணும்."

ரயிலுக்கும் போய்ப் பார்த்தார்கள், பிளாட்பாரத்தில் கல் பெயர்ந்தது. ரத்தினபாய் திரும்பி வந்து ஆட்டுரலில் உட்கார்ந்து, யாரையும் குறை சொல்லாமல், வந்த கடிதங்களுக்கு முத்திரை குத்தினார்.

அந்த நாட்களில் ஹெப்சிபா நாகர்கோவிலில் வாங்கின ஓர் எடை மிஷினைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு வீடு வீடாகப் போய் எல்லாரையும் நிறுத்தி எழுதிக்கொண்டிருந்தாள். அவள் படிப்பின்படி, எவர் அதிகக் கனமோ அவர்தான் ஊரின் தூண், அவருக்கு ஒன்று ஆனால் ஊருக்கே ஆகும். அது அண்டி ஆபீஸ் முதலாளி தாவீதப்பனாகத்தான் இருக்கும் என்று அவள் முதல்நாளே எழுதிவைத்திருந்தாள். முந்நூறு பேருக்கு வேலை கொடுக்கிறவர், நல்ல தொந்தி உள்ளவர். மிஷினில் ஏற்றினால் ஐந்து கிலோ காட்டியது.

"முதலாளி, நீங்களும் கடனா?"

"பிள்ளே, பெரிய ஆளுக்குப் பெரிய கடன்" என்றார் அவர், செங்கலை மறுபடி மடியில் வைத்துக்கொண்டு. "யாரு கையெழுத்துன்னு மட்டும் கேக்காத."

எல்லாரையும் எழுதிக் கூட்டிப்பார்த்தபோது ஊரில் நூற்று நாற்பத்தாறு பேரிடம் சேர்த்து ஏழாயிரம் கிலோவுக்குமேல் காணவில்லை. எடை எங்கேயும் காணாமல் போகாது. மூன்று நாள் அவள் சரியாகச் சாப்பிடவில்லை. மூன்றாம் நாள் மாடிப்படியில் இறங்கும்போது, கீழே ரத்தினபாய் அடுக்களைக்கு நடந்த ஒவ்வொரு அடிக்கும் படிக்கட்டு கிணுகிணுத்ததை அவள் கால் கேட்டது.

"சித்தி, எத்தனை பேருக்குக் கையெழுத்துப் போட்டிருக்கியோ?"

"அத சொல்லப்பிடாது மக்ளே. ஆட்கள் நம்பி வந்ததுல்லா."

"சொல்லாண்டாம். ஒருக்கா எடை பாத்துக்கிடுவோமா?"

வீட்டு மிஷின் தாங்காது. ஆகவே இரண்டு பேரும் ரோட்டோரத்தில் லாரி எடை போடுகிற எடை மேடைக்கு நடந்துபோனார்கள். காற்றாலை இறக்கை ஏற்றிவந்த ஒரு லாரி இறங்கினபிறகு, ரத்தினபாய் குடையை மடக்கிக் கையில் பிடித்துக்கொண்டு அந்தப் பெரிய இரும்புப் பலகையின் நடுவில் தனியாகப் போய் நின்றார். ஏழாயிரத்து முந்நூற்று ஐம்பது கிலோ. ரசீது போடுகிறவன் தலையைத் தூக்காமல், "வண்டி நம்பர்?" என்று கேட்டான்.

ரத்தினபாய்க்குச் சிரிப்பு வந்துவிட்டது. அப்புறம் அந்த எண்ணை ஒருதரம் பார்த்தார், சிரிப்பு நின்றுவிட்டது. "இவ்வளவா" என்றார். "ஒவ்வொண்ணா வந்ததுனால தெரியல மக்ளே."

ஹெப்சிபாவுக்கு அப்போதுதான் தன் வேலையின் கஷ்டம் தெரிந்ததாம். இதை ஊருக்குச் சொன்னால் பயந்து ஓடுவார்கள். சொல்லாவிட்டால் இந்த அம்மா மகள் பக்கத்தில் போய்ச் சேரமாட்டார், அதோடு ஒருநாள் இவர் கீழே விழுந்தால் நூற்று நாற்பத்தாறு வீடு சேர்ந்து விழும். மத்திய வங்கியில் இருக்கிறவர்கள் ராத்திரி தூங்காததற்கு இதுதான் காரணம் அத்தை என்றாள். நான், அதற்குத்தான் ஜெபம் பண்ண முழங்கால் இருக்கிறது என்றேன்.

அவள் யோசித்து முடிப்பதற்குள் ரசீது போட்டவன் சாயாக்கடையில் சொல்லிவிட்டான்.

மறுநாள் விடியும்போது ஊர் முழுக்க ஒரே பேச்சு. அக்கா லாரி மேடையில எடை பாத்தாவளாம், லாரியிலயாவது ஓசூர் போகப்போறாவளாம், நம்ம எடையும் ஓசூர் போயிருமே, அங்கேயே அவியளுக்கு ஒண்ணு ஆயிப்போச்சுன்னா நாம ஆயுசுக்கும் செங்கலோட திரியவா. ஒருவருக்கொருவர் சொல்லாமல், ஒவ்வொருவரும் தாம் மட்டும் புத்திசாலி என்று நினைத்துக்கொண்டு, கையெழுத்தை வேறொருவர் பேருக்கு மாற்ற எழும்பி ஓடினார்கள். எல்லாரும் ஒரே ஆளிடம்தான் ஓடினார்கள். ரத்தினபாய்க்கு அடுத்தபடி ஊரில் சம்பளமும் நல்ல குணமும் உள்ளவர் மாட்டாஸ்பத்திரிக் கம்பவுண்டர் ஜெயசிங். காலை எட்டு மணிக்கு முதல் கையெழுத்து, பத்து மணிக்கு அவர் செருப்பு மண்ணில் புதைந்தது, மத்தியானத்துக்குள் அவர் முழங்கால்வரை தரையில் இறங்கிவிட்டார். தபாலாபீசிலிருந்து போன எடையெல்லாம் போக இன்னும் பாதி ஊர் வரிசையில் நின்றது.

ஹெப்சிபா ஓடிப்போய்ப் பார்த்தபோது அவர் நின்ற இடத்திலேயே ஒரு கன்றுக்குட்டிக்கு ஊசி போட்டுக்கொண்டிருந்தார். "ஒரு சௌகரியம் பாத்தியா பிள்ளே, இப்ப நான் குனியாண்டாம்" என்றார். அப்புறம் மெதுவாக, "இன்னும் பத்துப்பேரு வந்தா நெஞ்சுவரை போயிருவேன். வேண்டாம்னு சொன்னா, அவனுக்குப் போட்ட, எனக்குப் போடமாட்டியான்னு கேக்கானுவ. நீ ஏதாவது பண்ணு" என்றார்.

அவள் நேரே போதகரிடம் போய்ச் சபை மணியை அடிக்கச் சொன்னாள். நேரமில்லாத நேரத்தில் மணி கேட்டதால் யாரோ செத்துப்போனார் என்று எல்லாரும் வந்துவிட்டார்கள். கம்பவுண்டரை எடுத்து வரமுடியாததால் ஜன்னலை அவர் பக்கமாகத் திறந்துவைத்தார்கள், மாட்டாஸ்பத்திரி எதிரேதான், அவருக்கும் காது கேட்கும்.

"நான் ஒண்ணே ஒண்ணு கேக்கேன்" என்றாள் ஹெப்சிபா. "உங்க எடை நேத்துவரை யாருமேல இருந்துச்சு? சத்தமாச் சொல்லுங்க."

யாரும் வாயைத் திறக்கவில்லை. அது அவர்கள் வழக்கம், ஒரு மத்தியானத்தில் போய்விடுமா. ரத்தினபாய் ஒரு தூண் ஓரம் நின்றுகொண்டிருந்தார், எதையும் சொல்லிவிடக் கூடாது என்பதற்காகத் தலையைக் குனிந்துகொண்டு.

அப்போது தாவீதப்பன் எழும்பினார். எழும்பின வேகத்தில் ஒரு முழம் மேலே போய், பக்கத்தில் இருந்தவன் வேட்டியைப் பிடித்து இழுத்து நிறுத்தினான். "எனக்கு ரத்தினபாய்தான்" என்றார். "ஆறு வருஷமா."

"உங்களுக்குமா?" என்றாள் பின்னாலிருந்த ஒரு மீன்காரி. "எனக்கும் அக்காதான்."

"எனக்கும்."

"ஏல, நீயுமா? நான் தைராய்டுன்னுல்லா நெனச்சேன்."

"நீ நெனச்ச தைராய்டுல நான் ஒரு அறுபது கிலோ."

ஒவ்வொருவராக, வாசல்வரை, மாடத்தில் நின்ற பாடகர் குழுவரை, கடைசியில் சங்கத்துக் கிளார்க்கும் கையைத் தூக்கினார். நூற்று நாற்பத்தாறு பேர். முதலில் சிரித்தார்கள். அப்புறம் ரத்தினபாய் நின்ற இடத்தில் தரைக்கல் விரிந்திருப்பதை யாரோ பார்த்தார்கள், மற்றவர்களும் பார்த்தார்கள்.

"நீங்க யாரும் தப்பு பண்ணல" என்றாள் ஹெப்சிபா. "எல்லாரும் கவனமாத்தான் இருந்திருக்கியோ. எல்லாரும் ஒரே மாதிரி கவனமா இருந்திருக்கியோ, அதுதான் வினை." பிறகு தன் படிப்பில் இருந்ததைத் தெரிந்த பாஷையில் சொன்னாள். பாதி எடையை அவரவரே எடுத்துக்கொள்ளவேண்டும். மீதிப் பாதியை மூன்று பேரிடம் பிரித்து வைக்கவேண்டும், யார் யாரிடம் என்பதைச் சபைச் சுவரில் எல்லாரும் பார்க்க எழுதவேண்டும்.

"அப்படி வச்சா ஒண்ணும் ஆகாதா?" என்று போதகர் கேட்டார்.

"ஆகும் ஐயா. சின்ன அடி வந்தா பங்கு போட்டுத் தாங்கிரலாம். பெரிய அடி வந்தா கைகோத்து நிக்கதுனாலேயே எல்லாரும் சேந்து ஆடுவோம். அதுக்குத்தான் பாதிய நம்ம கால்லயே வச்சுக்கிடச் சொல்லுதேன்."

"முட்டுவலி திரும்ப வந்துருமே" என்றார் தாவீதப்பன்.

"வரும்."

அதையும் ஒரே நாளில் செய்யமுடியாது. ஏழு டன்னைச் சுமந்து சுமந்து அந்தக் கால்களுக்கு வந்திருக்கிற பலத்துக்கு, எடை சட்டென்று குறைந்தால் ரத்தினபாய் ஒரு அடி எடுத்துவைத்த மாத்திரத்தில் கூரையைத் தாண்டிப் போய்விடுவார். முதல் வேலையாகக் கம்பவுண்டரை மண்வெட்டி வைத்து எடுத்தார்கள், அவர்மேல் மாற்றினவர்கள் தங்கள் பங்கைத் திரும்ப வாங்கிப் பிரித்தார்கள். மற்றவர்கள் நாளைக்குப் பத்துப்பேராகத் தபாலாபீஸ் முன்னால் வரிசையில் நின்று, பதிவேட்டைத் திறந்துவைத்து, "பாதி என்னுது, நான் எடுத்துக்கிடுதேன்" என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டார்கள். சொன்ன உடனே ஒவ்வொருவரும் ஒரு தொம் சத்தத்தோடு பூமியில் ஊன்றினார்கள். வயசானவர்கள் முழங்காலைப் பிடித்துக்கொண்டு முனகிக்கொண்டே வீட்டுக்குப் போனார்கள், ஆனால் போகிற வழியில் செங்கலைத் தெருவோரம் வைத்துவிட்டுப் போனார்கள், அந்தச் செங்கலை வைத்துப் பிறகு சபைக்கு ஒரு மதில் கட்டினார்களாம்.

ஆறாம் நாள் ரத்தினபாய் அடுக்களைக்கு நடந்தபோது படிக்கட்டு கிணுகிணுக்கவில்லை. எட்டாம் நாள் காலையில் ஓசூரிலிருந்து மருமகன் போன் பண்ணினார். வலி முன்னாலேயே வருகிற மாதிரி இருக்கிறது, டாக்டர் இன்று சாயங்காலம் சேர்த்துவிடச் சொல்லிவிட்டார்.

ரத்தினபாய்மேல் இன்னும் ஒன்பது பேர் இருந்தார்கள். எட்டுப் பேர் செய்தி கேட்டு ஓடிவந்து, மூன்று பேரிடம் பிரித்துவைக்க நேரமில்லாததால் பாதி என்றுகூடச் சொல்லாமல் முழுசையும் எடுத்துக்கொண்டார்கள். மிச்சம் தாவீதப்பன். அவர் ஒவ்வொரு நாளும் வரிசையில் நின்று, தம் முறை வரும்போது பின்னால் இருப்பவருக்கு வழிவிட்டுக்கொண்டே இருந்தார். ஆறு வருஷமாக அவர் வலி என்று ஒன்றை அறியவில்லை, காலையில் எழும்பி மாமர உச்சியில் உட்கார்ந்துதான் பேப்பர் படிப்பார். அதை விட அவருக்கு மனசு வரவில்லை, ஒரு மனுஷன் அப்படித்தானே.

பஸ் வந்து நின்றது. ரத்தினபாய் பையோடு படியைப் பார்த்தார், ஏறவில்லை. தாவீதப்பன் நல்ல கனத்த மனுஷன், நூற்று இருபது கிலோ. ஒரு ஆள் எடைதான், வண்டி தாங்கும். ஆனால் அந்த அம்மா, "முதலாளி, நீங்க எடுத்துக்கிடலன்னாலும் பரவாயில்ல, நான் போயிட்டு வாரேன்" என்று சொல்ல வாயெடுத்ததை ஹெப்சிபா பார்த்தாள். அப்படிச் சொல்லியே அவர் ஏழு டன் சேர்த்தவர்.

தாவீதப்பனும் பார்த்தார். "சொல்லாத அக்கா" என்றார். "சொன்னா நான் கேட்டுருவேன்." பதிவேட்டை வாங்கித் தம் முழங்கால்மேல் வைத்து, பஸ் இன்ஜின் ஓட ஓடக் கையெழுத்துப் போட்டார். முழுசும் என்னுது என்றார். அவர் விழுந்த சத்தத்தில் ரோட்டோரப் பனையிலிருந்து இரண்டு நுங்கு உதிர்ந்தது. அங்கேயே மைல்கல்லில் உட்கார்ந்து இரண்டு முழங்காலையும் தடவிக்கொண்டு, "போயிட்டு வா" என்றார்.

கண்டக்டர் ஒரு டிக்கெட் கிழித்துக் கொடுத்தார்.

ரத்தினபாய் ஓசூருக்குப் போய்ச் சேர்ந்தபோது விடிந்து ஏழு மணி. ஆஸ்பத்திரியில் பெனினா கண்ணை மூடிப் படுத்திருந்தாள், பிள்ளை இன்னும் பிறக்கவில்லை. ஆறு வருஷமாக அவர் எந்தக் கட்டிலிலும் உட்கார்ந்ததில்லை. கையால் விளிம்பை ஒருதரம் அழுத்திப் பார்த்துவிட்டு, ஓரத்தில் மெல்ல உட்கார்ந்தார். கட்டில் ஒரு சத்தமும் போடவில்லை. மகள் கண்ணைத் திறக்காமலே, "அம்மா, இன்னும் கொஞ்சம் பக்கத்துல வா" என்றாள். அவரும் நகர்ந்து உட்கார்ந்தார். பதினோரு மணிக்குப் பெண்பிள்ளை பிறந்தது, மூணு கிலோ நூறு கிராம்.

ஹெப்சிபா பரீட்சை எழுதிப் பாஸாகித் திரும்பவும் வேலைக்குப் போய்விட்டாள். கர்த்தருக்கு ஸ்தோத்திரம்.

நீங்கள் யாருக்காவது கையெழுத்துப் போட்டிருந்தால், இன்றைக்கு வீட்டுக்குப் போனதும் வீட்டில் இருக்கிறவர்களிடம் ஒரு வார்த்தை சொல்லிவையுங்கள்.